சிகாகோ தெருப்பணி வழக்குகள்: கட்டணமும் இழப்பீடும்

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அமெரிக்க நகரங்கள் வேகமாக வளர்ந்தன. தெருக்கள் உயர்த்தப்பட்டன, சுரங்கப்பாதைகளும் மேம்பாலங்களும் கட்டப்பட்டன. இப்பணிகளால் மனை உரிமையாளர்களுக்கும் நகர நிர்வாகங்களுக்கும் இடையே இருவகை வழக்குகள் எழுந்தன. தெருப்பணிக்காக மனைமீது விதிக்கப்பட்ட கட்டணத்தை எதிர்த்தவை ஒரு வகை. தெருப்பணியால் கட்டடத்துக்கோ மனையின் மதிப்புக்கோ நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்டவை மற்றொரு வகை. இல்லினாய் மாநிலத்தின் சிகாகோ நகரம் இவ்விரு வகைக்கும் முக்கியக் களமாக இருந்தது. 1870ஆம் ஆண்டு அம்மாநில அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட ஒரு சொல், இழப்பீட்டு வழக்குகளின் போக்கை மாற்றியது.

உயர்ந்த தெரு, தாழ்ந்த வீடு

சிகாகோ மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள தாழ்வான, சமதளமான நிலத்தில் உருவான நகரம். மழைநீரும் கழிவுநீரும் வடிய வழியில்லை. 1854இல் காலரா பலரைக் கொன்றது. 1855இல் கழிவுநீர் வாரியம் அமைக்கப்பட்டு, பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளர் அழைக்கப்பட்டார். தாழ்ந்த நிலத்தில் ஆழமாகத் தோண்டினால் கழிவுநீர் ஆற்றுக்கு ஓடாது. ஆகவே குழாய்களை மேலாகப் பதித்து, அவற்றின்மேல் மண் கொட்டித் தெருமட்டத்தையே உயர்த்த அவர் திட்டமிட்டார்.

தெருவை நகரம் உயர்த்தியது. கட்டடத்தை உயர்த்துவது உரிமையாளரின் பொறுப்பானது. வசதி உள்ளவர்கள் ஜாக்கிகள் வைத்துக் கட்டடங்களைத் தூக்கினர். 1860இல் லேக் தெருவில் சுமார் 320 அடி நீளக் கடைவரிசை ஒன்று, ஏறக்குறைய 6,000 ஜாக்கிகளைக் கொண்டு 4 அடி 8 அங்குலம் உயர்த்தப்பட்டது. பின்னாளில் ரயில் படுக்கைப் பெட்டிகளால் புகழ்பெற்ற ஜார்ஜ் புல்மன் இத்தொழிலில் ஈடுபட்டவர்களுள் ஒருவர். வசதி இல்லாதவர்களின் தரைத்தளம் தெருவுக்குக் கீழே நின்றது. பல ஆண்டுகள் நடைபாதைகளில் படியேறியும் இறங்கியுமே நடக்க வேண்டியிருந்தது.

இச்செலவை நகரத்திடம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. பொதுப் பயனுக்காகத் தனியார் சொத்தை ‘எடுத்தால்’ ஈடு தர வேண்டும் என்பதே அன்றைய விதி. தெருவை உயர்த்துவதும் தாழ்த்துவதும் எடுத்தல் ஆகாது எனக் கருதப்பட்டது. இக்கருத்துக்கு 1823ஆம் ஆண்டின் ‘கேலண்டர் எதிர் மார்ஷ்’ வழக்கு முன்னோடி. பாஸ்டனில் தெரு வெட்டித் தாழ்த்தப்பட்டதால் ஒரு வீட்டின் அடித்தளம் வெளியே தெரிந்தது. தெருமட்டம் மாறக்கூடும் என்பதை மனை வாங்குவோர் முன்பே கணக்கில் கொள்ள வேண்டும் என்று கூறி, மாசசூசெட்ஸ் நீதிமன்றம் ஈடு மறுத்தது.

சுரங்கப்பாதை வழக்கு

சிகாகோ ஆற்றுக்கு அடியில் லாசால் தெருச் சுரங்கப்பாதை 1869இல் தொடங்கி 1871இல் முடிந்தது. பணி நடந்தபோது, ஆற்றோரத்தில் இருந்த ஒரு கப்பல் நிறுவனத்தின் துறைக்கும் கிடங்குக்கும் செல்லும் வழி அடைபட்டது. நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. பணி சட்டப்படி, உரிய கவனத்துடன் நடந்துள்ளது. சொத்து எதுவும் எடுக்கப்படவில்லை. எனவே ஈடு இல்லை என்று 1879இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே இல்லினாயில் விதி மாறியிருந்தது. 1870 ஆகஸ்ட் 8 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, ஈடின்றித் தனியார் சொத்தை எடுக்கவோ ‘சேதப்படுத்தவோ’ கூடாது என்றது. முந்தைய பாதுகாப்பின் விரிவாக்கமே இது என்பதை உச்ச நீதிமன்றமும் குறிப்பிட்டது. ஆனால் சுரங்கப் பணியின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டதால், நிறுவனத்துக்குப் புதிய விதி உதவவில்லை.

மேம்பால வழக்குகள்

புதிய சொல்லின் பொருளை மேம்பால வழக்குகள் தீர்மானித்தன. ஹால்ஸ்டெட் தெருவில் நகரம் கட்டிய மேம்பாலத்தால், கின்சி தெருவில் 220 அடி தள்ளியிருந்த ஒரு வீட்டிலிருந்து ஹால்ஸ்டெட் தெருவுக்குச் செல்லும் வழி அடைபட்டது. படிக்கட்டு மட்டுமே மிஞ்சியது. மேம்பாலம் வீட்டைத் தொடவில்லை என்பது நகரத்தின் வாதம். ‘ரிக்னி எதிர் சிகாகோ’ என்ற இவ்வழக்கில், சுவர் இடிந்தால்தான் சேதம் என்பதில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. சொத்துடன் சேர்ந்த உரிமை பாதிக்கப்பட்டு, பொதுமக்கள் அனைவருக்கும் உள்ள சிரமத்தைவிடத் தனிப்பட்ட இழப்பு நேர்ந்திருந்தால் ஈடு உண்டு என்பதே தீர்ப்பு.

1888இல் ‘சிகாகோ எதிர் டெய்லர்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே வழியில் சென்றது. 18ஆம் தெரு மேம்பாலத்தால் ஒரு நிலக்கரிக் கிடங்கு மனைக்குச் செல்லும் வழி தடைப்பட்டிருந்தது. உரிமையாளருக்குக் கிடைத்த இழப்பீடு உறுதியானது. மிசூரி, டெக்சஸ், ஜார்ஜியா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களும் 1875க்கும் 1879க்கும் இடையே இத்தகைய விதியைத் தம் அரசியலமைப்புகளில் சேர்த்துக்கொண்டன.

கட்டண வழக்குகள்

தெருப்பணியின் செலவை அதன் இருபுறத்து மனைகளிடமிருந்தே பெறுவது அமெரிக்க நகரங்களின் வழக்கம். தெருவால் மனையின் மதிப்பு உயர்கிறது, உயர்ந்த மதிப்பில் ஒரு பங்கைத் தரலாம் என்பது அதன் நியாயம். ஆனால் கட்டணம் பெரும்பாலும் பயனை அளந்து விதிக்கப்படவில்லை. தெருவைப் பார்த்த முகப்பின் நீளத்தைக் கொண்டே கணக்கிடப்பட்டது. 1864இல் ‘சிகாகோ எதிர் லார்னட்’ வழக்கில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் இம்முறையை நிராகரித்தது.

இச்சிக்கலின் உச்சத்தை ஒகையோ மாநிலத்தின் நார்வுட் என்ற சிற்றூர் காட்டியது. ஒருவரின் நிலத்தின் ஊடே 300 அடி நீளம், 50 அடி அகலத்தில் தெரு திறக்கப்பட்டது. எடுத்த நிலத்துக்கு நடுவர் குழு 2,000 டாலர் ஈடு நிர்ணயித்தது. ஊர் நிர்வாகம் அந்த ஈட்டுத் தொகையையும் வழக்குச் செலவையும் சேர்த்து, 2,218.58 டாலரை அவரிடம் எஞ்சிய நிலத்தின்மீதே கட்டணமாக விதித்தது. கொடுத்த பணம் அப்படியே திரும்பியதோடு, கூடுதலும் கேட்கப்பட்டது. பெற்ற பயனைவிடக் கணிசமாக மிகும் கட்டணம், ஈடின்றிச் சொத்தை எடுப்பதற்குச் சமம் என்று 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். 1888இன் டெய்லர் தீர்ப்பையும் அவரே எழுதியிருந்தார்.

வெற்றி நீடிக்கவில்லை. 1901இல் கன்சாஸ் நகரத் தார்ச்சாலை வழக்கில், முகப்பு நீள முறையை அதே நீதிமன்றம் பெரும்பான்மையாக ஏற்றது. ஹார்லன் மாறுபட்டார்.

முக்கியத்துவம்

கட்டணம் விதிக்கும்போது ‘தெருவால் உன் மனை மதிப்பு உயர்ந்தது’ என்றும், ஈடு கேட்கும்போது ‘உன் மனையை நாங்கள் தொடவில்லை’ என்றும் நகரங்கள் வாதிட முடிந்தது. மதிப்பு உயர்வு கணக்கில் வந்தது. மதிப்புச் சரிவு வரவில்லை. ‘சேதம்’ என்ற சொல் இச்சரிவையும் கணக்கில் ஏற்றியது. பணிக்கு முன்னும் பின்னும் சொத்துக்கு உள்ள சந்தை மதிப்பின் வேறுபாடே இழப்பின் அளவுகோல் ஆனது. எனினும் இப்பாதுகாப்பு மாநில அளவில் மட்டுமே கிடைத்தது. அமெரிக்கக் கூட்டரசின் அரசியலமைப்பு இன்றும் சொத்தை ‘எடுத்தல்’ பற்றி மட்டுமே பேசுகிறது.