மனோதத்துவம் படிச்சா பைத்தியமா?

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ராஜபாளையத்துல இருந்து பஸ்ஸுல அரை மணி நேரம். சித்தி பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. "அண்ணா, நான் பி.எஸ்சி சைக்காலஜி சேரப்போறேன்"னு அவ சொன்னதும், சித்தி பால்கோவா தட்டை டொக்குனு வச்சாங்க. "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கவா உன்னை வளர்த்தேன்? ஏம்ப்பா, உன்னை மாதிரி கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லு."

கம்ப்யூட்டர் படிச்சவன் கஷ்டம் எனக்குத்தானே தெரியும் :-)

அப்படி என்னதான் இருக்கு அந்தப் படிப்புலன்னு ரெண்டு ராத்திரி உக்காந்து தேடினேன். கிடைச்சது நல்ல சரித்திரம்.

1879-ல ஜெர்மனியின் லைப்சிக்ல வில்ஹெல்ம் வுண்ட் ஒரு ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சார். மனசையும் சோதனை பண்ணி அளக்கலாம்ங்கிறதுதான் அவர் கட்சி. அவரோட சிஷ்யர் மன்ஸ்டர்பெர்க் ஹார்வர்டுக்குப் போனார். அவர்கிட்ட படிச்ச நரேந்திரநாத் சென்குப்தா கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1916-ல அங்கேதான் நாட்டோட முதல் சோதனை உளவியல் துறை. அடுத்தது 1924-ல மைசூர். அதை நடத்தின எம்.வி.கோபாலசாமிதான் 1935-ல தன் வீட்டுலயே ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சு 'ஆகாசவாணி'ன்னு பேர் வச்சவர்! சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1943-ல வந்துச்சு, ஜி.டி.போவாஸ் தலைமையில.

அதுக்கு முன்னாடியெல்லாம் இது தத்துவப் பாடத்துல ஒரு பகுதி. நாம இன்னும் 'மனோதத்துவம்'னு சொல்றோம் பாருங்க, அந்தப் பழைய உறவு வார்த்தையில அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. 'உளவியல்' பின்னாடி வந்த பேர்.

இன்னிக்கு டிகிரி பாடத்திட்டத்தைப் பார்த்தா, மனநோய்ங்கிறது அதுல ஒரு பேப்பர், ரெண்டு பேப்பர்தான். மிச்சமெல்லாம் குழந்தை எப்படி வளருது, மூளை எப்படி வேலை செய்யுது, ஞாபகம், கூட்டமா சேர்ந்தா மனுஷன் ஏன் மாறுறான், ஆலோசனை சொல்றது, தொழிற்சாலை உளவியல். கூடவே புள்ளியியல். (கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடி வர்றவங்க கவனிக்க!)

இதை சித்திகிட்ட சொன்னேன், காதுலயே வாங்கல. ஆனா சித்தப்பா நிமிர்ந்து உக்காந்தார். ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல இருபது வருஷமா ஷிப்ட் பாக்கறவர். அவருக்காக அகமதாபாத் கதையைச் சொன்னேன்.

அங்கே காலிகோ மில்லுல புதுசா ஆட்டோமேட்டிக் தறிகள் போட்டாங்க. மெஷின் புதுசு, ஆனா உற்பத்தி ஏறல. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்துல இருந்து ஏ.கே.ரைஸ் வந்து பார்த்தார். ஆளுக்கொரு துண்டு வேலை, யாருக்கும் யாரோடயும் ஒட்டு இல்லை. சின்னச் சின்னக் குழுவாப் பிரிஞ்சு, குழுவுக்கு இத்தனை தறின்னு மொத்தப் பொறுப்பையும் எடுத்துக்கலாமேன்னு பேச்சு வந்ததும், தொழிலாளிங்களே ஆள் சேர்த்துக் குழு அமைச்சுக்கிட்டாங்க. உற்பத்தி ஏறுச்சு, துணி சேதாரம் குறைஞ்சுது.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்க மில்லுக்கு அந்தாளு வரலியே"ன்னார்.

'பைத்தியம்'ங்கிற அந்த வார்த்தைக்கும் வர்றேன். 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி. சங்கிலியில கட்டிவச்சிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில செத்தாங்க. 1985-ல விருதுநகர் மாவட்டம் பிரியற வரைக்கும் நாமளும் அந்த ராமநாதபுரம் ஜில்லாதான். சித்தி மாதிரி நாம எல்லாரும் கூசுற இடத்துலதான் சங்கிலி ஆரம்பிக்குதுன்னு தோணுச்சு. அதை சித்திகிட்ட சொல்ல தைரியம் வரல.

ஒண்ணு மட்டும் தங்கச்சிகிட்ட தெளிவா சொல்லிட்டேன். மூணு வருஷ டிகிரியை வச்சு கிளினிக் போர்டு மாட்ட முடியாது. அதுக்கு மேற்படிப்பு, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எல்லாம் வேணும். மருந்து எழுதறது எம்.பி.பி.எஸ் முடிச்சு மேல படிச்ச மனநல டாக்டர்.

கடைசியா சித்தி இறங்கி வந்தாங்க. "சரி, வீட்டுல இருந்தபடியே தபால்ல படிக்கட்டும்." அங்கதான் இடி. 2025-ல யு.ஜி.சி. உளவியலைத் தொலைதூரக் கல்வியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக்கூடாதுன்னு நிறுத்திடுச்சு. செய்முறைப் பயிற்சி இல்லாம அடுத்தவன் மனசுல கை வைக்கக் கூடாதுங்கிறது நியாயம்தான். ஆனா வெளியூர் அனுப்பத் தயங்குற வீட்டுப் பொண்ணுக்கு இருந்த ஒரு கதவும் மூடிருச்சு.

"அப்போ ஹாஸ்டல்தான். ஃபீஸ் யாரு கட்டுறது?"ன்னு சித்தி கேட்டாங்க. எல்லாரும் என்னையே பார்த்தாங்க.

மாட்டிக்கிட்டேன் மக்களே. முதல் வருஷம் என் செலவு :-)