தோட்டத் தமிழ்ப் பள்ளியும் கல்விச் சட்டங்களும்

மலாயாவில் தமிழ்ப் பள்ளி அறத்தால் மட்டும் எழுந்ததன்று, சட்டத்தாலும் எழுந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு முதலாளியைப் பணிக்க வழி செய்தது. ஆயின், கட்டடத்தை வற்புறுத்திய சட்டம் ஆசிரியத் தகுதியை வற்புறுத்தவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் எழுத்தறிவித்தனர். பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன.

தெங்கேரா முதலிய ஊர்களைக் கொண்ட மலாக்கா அந்நாளில் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்தது. 1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபின் கல்விக் கொள்கை அனைவர்க்கும் பொதுவாயிற்று.

1951-இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளியே போதும் என்றது. அவ்வாண்டே வந்த பென்-வூ அறிக்கை சீனப் பள்ளிகள் நிலைபெற வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1956-இல் இரசாக் அறிக்கை இடைவழி கண்டது: பயிற்றுமொழி பலவாயினும் பாடத்திட்டம் ஒன்றே. அதனால் தமிழ்த் தொடக்கப்பள்ளி நாட்டுக் கல்வியில் இடம் பெற்றது; பிள்ளைகள் தாம் பிறந்த மண்ணைத் தமிழிலேயே கற்க வாய்ப்பும் உண்டாயிற்று.

எனினும், 1961 கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, இத்தகைய பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சர்க்கு அளித்தது. 1996 சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை. 35 ஆண்டுகள் ஒரு பள்ளியின் வாழ்வு ஓர் உட்பிரிவைப் பற்றி நின்றது. ஆகவே, பாடநூலைப் பயிலும் தமிழாசிரியர் சட்டநூலையும் பயிலல் கடனாம்.