முன்னிலையைக் காத்தல்: சிங்கப்பூர்க் காற்பந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடிய இருபது நிமிடம். இந்நிலையில் அணி பின்னுக்கு வந்து தன் கோலைக் காக்க வேண்டுமா, அதுவரை ஆடிய ஆட்டத்தையே தொடர வேண்டுமா? ஐஸ் ஹாக்கி, காற்பந்து, ஹாக்கி ஆகிய மூன்றிலும் கோல் எளிதில் விழுவதில்லை. ஆகவே மூன்றுக்கும் இக்கேள்வி பொது. ஐஸ் ஹாக்கியில்தான் இது மிக நுணுக்கமாக அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் அந்த ஆட்டம் வேரூன்றவில்லை. ஜூரோங்கின் ஜேகியூப் கடைத்தொகுதியில் 2012இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக் அளவுப் பனித்தளம், 2023இல் அக்கடைத்தொகுதியோடு சேர்ந்து மூடப்பட்டது.

காற்பந்தின் கதை வேறு. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடல்கள் பல தலைமுறை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்களமாக விளங்கின. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், டிர்விட் சாலையில், 1929இல் திறக்கப்பட்டு 2003இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் நிற்கிறது. கல்லாங்கின் பழைய தேசிய விளையாட்டரங்கம் 2007இல் மூடப்பட்டு, புதியது 2014இல் திறக்கப்படும் வரை, சுமார் ஆறாயிரம் பேர் மட்டுமே அமரக்கூடிய இந்த அரங்கமே தேசிய அணியின் இல்லமாக இருந்தது. ஆசியான் கிண்ணத்தை 1998, 2004, 2007, 2012 என நான்கு முறை வென்ற சிங்கப்பூர், முன்னிலையைக் காத்த ஆட்டங்களும் உண்டு, கோட்டைவிட்ட ஆட்டங்களும் உண்டு. அவற்றை ஐஸ் ஹாக்கியின் அனுபவத்தோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கட்டுரையின் கருதுகோள் இது: முன்னிலை பெற்ற அணி ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பது சரியே. ஆனால் எதிரணியை மறிக்க வேண்டிய இடம் மைதானத்தின் நடுப்பகுதி. சொந்தக் கோலின் வாசல் அல்ல. பந்தை எதிரணியிடம் ஒப்படைத்துவிட்டு வாசலில் குவிவது தற்காப்பு என்ற பெயரில் நடக்கும் சரணடைவு.

கணக்கு என்ன சொல்கிறது

எளிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். சம வலிமையுள்ள இரு காற்பந்து அணிகள் 90 நிமிடத்தில் சராசரியாகத் தலா 1.35 கோல் அடிக்கும் எனக் கொள்வோம். கடைசி 20 நிமிடத்துக்கு அது தலா 0.30 கோல் ஆகிறது. கோல்கள் பாய்சான் பரவலின்படி (ஒன்றையொன்று சாராமல், நிலையான சராசரி வீதத்தில்) விழுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஒரு கோல் முன்னிலையில் உள்ள அணி தன் ஆட்டத்தை மாற்றாமலேயே வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு.

இனி மூன்று மாற்றங்களைப் பார்ப்போம். முதலாவது, இரு தரப்பின் கோல் வீதமும் 0.20ஆகக் குறையும்படி ஆட்டத்தை மந்தப்படுத்துவது. அப்போது வெற்றி வாய்ப்பு 85 விழுக்காடாக உயர்கிறது. இரண்டாவது, முழுமையாகப் பின்வாங்குவது. அதில் சொந்த வீதம் 0.05ஆகச் சரிந்தாலும் எதிரணியின் வீதம் 0.20ஆகக் குறைந்தால் வாய்ப்பு 83 விழுக்காடு. மூன்றாவதிலும் பின்வாங்கலே நடக்கிறது. ஆனால் அது எதிரணிக்கு அழைப்பாகிவிடுகிறது: சொந்த வீதம் 0.10, எதிரணியின் வீதம் 0.35. வாய்ப்பு 73 விழுக்காட்டுக்கு இறங்குகிறது.

இவை விளக்கத்துக்காகக் கொண்ட எண்கள்தாம். ஆனாலும் அவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. சொந்தத் தாக்குதலை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் அணி, எதிரணியின் தாக்குதலை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவேனும் குறைத்தால்தான் பழைய 80 விழுக்காட்டில் நிற்க முடியும். அது எட்ட முடியாத இலக்கல்ல. எனவே தற்காப்பைக் கொள்கையளவில் ஒதுக்கிவிட இயலாது. பின்வாங்கும் முறை எதிரணியின் கோல் வாய்ப்பை உண்மையில் குறைக்கிறதா என்பதே தீர்க்க வேண்டிய கேள்வி.

ஐஸ் ஹாக்கியின் சான்று

வட அமெரிக்க தேசிய ஹாக்கி லீக்கின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்தோர் ஒரு போக்கைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். முன்னிலை பெற்ற அணி கோலை நோக்கி அடிப்பது குறைகிறது. பின்தங்கிய அணி அடிப்பது கூடுகிறது. ஆட்டத்தின் கடைசியான மூன்றாம் கட்டத்தில் இந்த ஏற்றத்தாழ்வு உச்சத்தைத் தொடுகிறது. அதேவேளையில், பின்தங்கிய அணி முன்னுக்கு ஏறிவிடுவதால் அதன் பின்புறம் திறந்துகிடக்கிறது. முன்னிலை அணிக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் எண்ணிக்கையில் குறைந்தாலும் தரத்தில் உயர்கின்றன.

தற்காப்பு ஆட்டத்தின் புகழ்பெற்ற வெற்றி நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியுடையது. ஜாக் லெமேர் பயிற்றுவித்த அந்த அணி, 1995இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸை நான்கு ஆட்டங்களிலும் வரிசையாக வென்று ஸ்டான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது. அது எந்த இடத்தில் தற்காத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பனித்தளத்தை இரண்டு நீலக்கோடுகள் மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. டெவில்ஸ் நடுப்பகுதியில் பொறி வைத்தது. எதிரணி ஆட்டக்காரரைப் பக்கச் சுவரை நோக்கி ஒதுக்கி, அங்கேயே ‘பக்’ எனும் ஆட்ட வட்டைப் பறித்தது. எதிரணி நீலக்கோட்டை ஒழுங்காகத் தாண்டவே திணறியது. இந்தப் பொறி ஆட்டத்தைச் சலிப்பாக்குகிறது என்ற குறை நெடுநாள் நீடித்தது. 2005-06 பருவத்தில் நடுக்கோட்டைத் தாண்டும் நீண்ட பாஸுக்கு இருந்த தடை நீக்கப்பட்டதற்கு அக்குறையும் ஒரு காரணம். விதியையே மாற்ற வேண்டிய அளவுக்கு நடுப்பகுதித் தற்காப்பு பலித்தது என்றுதான் இதற்குப் பொருள்.

எதிர்ச்சான்று 2013 மே 13ஆம் நாள் பாஸ்டனில் கிடைத்தது. ஸ்டான்லி கிண்ணத் தொடர் ஒன்றைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் டொரோண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 4-1 என முன்னிலை வகித்தது. பாஸ்டன் புரூயின்ஸ் ஒரு கோலைத் திருப்பி, கோல்கீப்பரை வெளியே எடுத்துக் கூடுதல் ஆட்டக்காரரை இறக்கி, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 5-4 என வென்றது. எதிரணியின் கோல் காலியாக இருந்தபோதும், டொரோண்டோவால் பக்கைத் தன் பகுதியிலிருந்து வெளியேற்றி அந்தக் காலிக் கோலுக்குள் அனுப்ப முடியவில்லை.

சிங்கப்பூரின் நான்கு கிண்ணங்கள்

1998 செப்டம்பர் 5ஆம் நாள் ஹனோயில் நடந்த டைகர் கிண்ண (ஆசியான் கிண்ணத்தின் அன்றைய பெயர்) இறுதியாட்டம், பின்னின்று காத்து வென்றதற்குத் தூய உதாரணம். அரையிறுதியில் தாய்லாந்தை 3-0 என வீழ்த்தி வந்த வியட்நாமுக்கு எதிராக, 71ஆவது நிமிடத்தில் ஆர். சசிகுமாரின் உடலில் பட்டுத் திரும்பிய பந்து கோலுக்குள் புகுந்தது. மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு கோலைக் காத்து, சிங்கப்பூர் தன் முதல் ஆசியான் கிண்ணத்தை வென்றது. காக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ இருபது நிமிடம் என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த மூன்று கிண்ணங்களும் ராடோய்கோ அவ்ராமோவிச் பயிற்சியில், இரண்டு சுற்று இறுதியாட்டங்களில் கிடைத்தவை. 2004 கிண்ணத்துக்காக 2005 ஜனவரியில் ஜகார்த்தாவில் 3-1 என வென்ற சிங்கப்பூர், கல்லாங்கில் நடந்த இரண்டாம் சுற்றில் ஒதுங்கி ஆடியிருக்கலாம். ஆனால் ஆறாவது நிமிடத்திலேயே இந்திரா சஹ்தான் கோல் அடித்தார்; 2-1 என வென்று மொத்தக் கணக்கில் 5-2 ஆனது. 2007இல் முதல் சுற்றைத் தாய்லாந்துக்கு எதிராக 2-1 என முடித்துவிட்டு பேங்காக் சென்ற அணிக்கு, 37ஆவது நிமிடத்திலேயே அந்த முன்னிலை கரைந்தது. கிண்ணத்தை மீட்டது 81ஆவது நிமிடத்தில் கைருல் அம்ரி அடித்த கோல்.

ஜாலான் புசாரில் 2012 டிசம்பர் 19ஆம் நாள் நடந்த இறுதியாட்ட முதல் சுற்று இவை எல்லாவற்றையும்விடத் தெளிவான சான்று. முஸ்தாஃபிச் ஃபக்ருதீனின் பெனால்டியாலும் கைருல் அம்ரியின் கோலாலும் 2-0 என முன்னேறிய சிங்கப்பூர், இரண்டாம் பாதியில் ஒரு கோலை விட்டுக்கொடுத்து 2-1 ஆனது. இருந்ததைக் காத்தால் போதும் என்று ஒடுங்குவதற்கான எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவது கோல் விழுந்தது. அதை அடித்தவர் தற்காப்பாளரான பைஹாக்கி கைஸான். மூன்று நாள் கழித்துப் பேங்காக்கில் தாய்லாந்து 1-0 என வென்றது. மொத்தக் கணக்கு 3-2. பைஹாக்கியின் கோலைக் கழித்துவிட்டால் எஞ்சுவது 2-2. பேங்காக்கில் இரண்டாம் பாதி முழுவதும் சிங்கப்பூர் காத்து நின்றது உண்மை. ஆனால் காப்பதற்கு ஒரு கோல் மிச்சமிருந்ததே, முன்னிலையில் இருந்தபோதும் தாக்கியதால்தான்.

முன்னிலை பறிபோன இரண்டு ஆட்டங்கள்

2016இல் தேசிய அணியின் பொறுப்பேற்றவர் வி. சுந்தரமூர்த்தி. ஆடிய காலத்தில் அவர் தாக்குதல் அழகுக்குப் பெயர்போனவர். பயிற்சியாளராக அவர் கைக்கொண்ட முறையோ எச்சரிக்கையானது, கடும் விமர்சனத்துக்கும் உள்ளானது. அவ்வாண்டு சுசுகி கிண்ணத்தில் (ஆசியான் கிண்ணத்தின் அப்போதைய பெயர்) பத்துப் பேருடன் ஆடி ஃபிலிப்பீன்ஸுடன் 0-0 எனச் சமன். தாய்லாந்திடம் 89ஆவது நிமிடக் கோலால் தோல்வி. நவம்பர் 25ஆம் நாள் மணிலாவில் இந்தோனீசியாவுக்கு எதிராக 27ஆவது நிமிடத்தில் கைருல் அம்ரி கோல் அடித்தார். 62ஆவது நிமிடத்தில் அது சமனாகி, 85ஆவது நிமிடத்தில் தோல்வியானது. மூன்று ஆட்டத்தில் ஒரே கோல் அடித்த அணி, தன் முன்னிலையைக் காக்க வேண்டியிருந்த காலம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஹனோயின் இருபது நிமிடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே முடிவின் வேறுபாட்டைப் பெரிதும் விளக்கிவிடுகிறது.

2021 டிசம்பர் 25ஆம் நாள் தேசிய விளையாட்டரங்கில் இந்தோனீசியாவுடன் நடந்த சுசுகி கிண்ண அரையிறுதியை இதோடு சேர்த்து எண்ணக்கூடாது. இருவர் சிவப்பு அட்டை பெற்று ஒன்பது பேராகச் சுருங்கிய பின், 74ஆவது நிமிடத்தில் ஷஹ்தான் சுலைமான் ஃப்ரீகிக்கில் கோல் அடிக்க, சிங்கப்பூர் 2-1 என முன்னிலை பெற்றது. 87ஆவது நிமிடத்தில் அது சமனானது. கூடுதல் நேரத்தில் 4-2 எனத் தோற்றது. ஒன்பது பேருக்குப் பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. இது உத்தியின் தோல்வி அல்ல, ஆள்பலத்தின் தோல்வி. ஆனால் எல்லாரும் வாசலில் நிற்க நேர்ந்தால் பதின்மூன்று நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதற்கு அது அளவுகோல் ஆகிறது.

ஹாக்கியிலும் இதே பாடம். சொந்த வட்டத்துக்குள் தற்காப்பாளரின் காலில் பந்து பட்டால் பெரும்பாலும் பெனால்டி கார்னர். எனவே அங்கே குவிவதன் விலை இன்னும் அதிகம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராக 1-0 என முன்னிலையில் இருந்த இந்தியா, கடைசி நிமிடங்களில் ஒரு கோலை விட்டு அரையிறுதியை இழந்தது. 2018 ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மலேசியாவுக்கு எதிராக 2-1 என இருந்த முன்னிலை 59ஆவது நிமிடத்தில் பறிபோய், ஷூட்அவுட்டில் தோல்வியில் முடிந்தது.

மறுப்புகள்

இவ்வாதத்துக்கு இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, அணி தானாகப் பின்வாங்குவதில்லை, எதிரணிதான் தள்ளுகிறது என்பது. ஆகவே பின்வாங்கலைத் தோல்விக்குக் காரணம் என்பது தலைகீழ் வாதமாகலாம். இது ஓரளவு உண்மை. ஆனால் யாரை மாற்றாக இறக்குவது, தாக்குதல் ஆட்டக்காரரை எங்கே நிறுத்துவது, பறித்த பந்தை உதைத்து விரட்டுவதா பாஸ் கொடுத்து வைத்துக்கொள்வதா என்பவை பயிற்சியாளரின் முடிவுகள். எதிரணி தள்ளலாம், கதவைத் திறப்பவர் நாமாக இருக்கத் தேவையில்லை.

இரண்டாவது, பலவீனமான அணிக்குப் பந்தை வைத்துக்கொள்ளும் திறனே இல்லை என்பது. திருக்குறளின் அரண் அதிகாரம் இங்கே துணைக்கு வருகிறது. முற்றுகையிட்டவரை உள்ளிருந்தபடியே எதிர்த்து நின்று வெல்ல உதவுவதே அரண் என்கிறார் வள்ளுவர். உள்ளிருப்போரிடம் வினைத்திறன் இல்லையேல் எத்தனை மாண்புடைய அரணும் பயனில்லை என்று அதிகாரத்தை முடிக்கிறார். பலவீனமான அணி எல்லா நேரமும் தாக்க வேண்டியதில்லை. வெளியே ஒரு வேகமான ஆட்டக்காரரை நிறுத்தி, எதிர்த்தாக்குதலின் அச்சத்தை எதிரணிக்குத் தந்தாலே அதன் தற்காப்பாளர் சிலர் பின்னேயே நின்றுவிடுவர்.

முடிவுரை

முன்னிலையைக் காக்கத் தற்காப்பாக ஆடலாமா என்ற கேள்விக்கு மூன்று வரம்புகளோடு ஆம் என்று விடை சொல்லலாம். காலம் குறுகியதாக இருக்க வேண்டும்: ஹனோயின் இருபது நிமிடம் தாங்கும், மணிலாவின் ஒரு மணி நேரம் தாங்காது. இடம் முன்னே இருக்க வேண்டும்: நடுப்பகுதியில் மறிப்பது எதிரணியின் வாய்ப்பைக் குறைக்கிறது, வாசலில் குவிவது பெருக்குகிறது. தாக்குதல் அச்சம் இறுதிவரை உயிரோடு இருக்க வேண்டும்: 2012இன் கிண்ணம் முன்னிலையில் இருந்தபோது அடித்த மூன்றாவது கோலின் கொடை.

முன்னிலையில் இருந்த நிமிடங்களில் பந்து மைதானத்தின் எந்தப் பகுதியில் இருந்தது என்பதைச் சிங்கப்பூரின் லீக் அணிகள் ஆட்டந்தோறும் பதிவுசெய்ய வேண்டும். இக்கருதுகோளைச் சோதிக்க அந்த ஒரு குறிப்பே போதும். இளம் பயிற்சியாளர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பாடநூல் வேறில்லை.