விலைக்கென்று எழுந்த முகப்புகள்

வீட்டை விற்க முற்படுவோர் அதற்கு முன் அதன் வெளித்தோற்றத்தைச் சீர்ப்படுத்தும் வழக்கம் எந்தத் தேசத்திற்கும் புதிதன்று. ஆயினும் அவ்வழக்கமே ஒரு மாநகரத்தின் உருவத்தை நிர்ணயித்தது என்று சொல்லத்தக்க இடம் லண்டன். 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் மரவீடுகள் சாம்பலாய்ப் போக, மறுவருஷமே பிறந்த சட்டம் புறச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோதான் எழுப்பவேண்டும் என்று விதித்தது. நிக்கலஸ் பார்பன் போன்றவர்கள் வரிசை வரிசையாக வீடு கட்டி விற்பதையே பெருந்தொழிலாக்கிக்கொண்டதும் அதன் பின்னர்தான்.

அத்தொழிலின் சூட்சுமம் குத்தகை முறையில் இருந்தது. பிரபுக்கள் தம் நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கே விடுவார்கள். மனையை எடுத்த கொத்தனாரோ தச்சரோ முதல் ஓரிரு வருஷங்களுக்குப் பெயரளவில் ஒரு மிளகை வாடகையாகச் செலுத்தினால் போதும். மிளகுக்காலம் முடிந்து மெய்யான வாடகை தலைமேல் ஏறுமுன் வீட்டைக் கைமாற்றிவிடவேண்டும் என்ற அவசரத்தில் அவர் சுவரையும் கூரையையும் எழுப்பி, வீதியைப் பார்த்த முகப்பை மாத்திரம் பூரணமாக முடித்து, உள்ளே பூச்சும் தளமும் இல்லாத வெறுங்கூடாகவே வீட்டை விலைகூறுவார். வாங்கிய கிரகஸ்தர் உள்ளறைகளைத் தம் விருப்பப்படியும் வசதிப்படியும் முடித்துக்கொள்வார்.

கைப்பணம் குறைந்த கொத்தனார் மட்டமான செங்கல்லைக் கொண்டே உயர்ந்த கட்டுவேலையின் தோற்றத்தை உண்டாக்கிய விதம் கவனிக்கத்தக்கது. ஓரம் உடைந்தும் கோணியும் இருக்கும் கற்களின் இடைவெளியை அவற்றின் நிறமே கொண்ட சாந்தால் நிரப்பி, சுவர் முழுவதையும் ஒரே சிவப்பாக்கி, ஈரம் உலருமுன் சட்டம் பிடித்து நேர்கோடாகப் பள்ளம் கீறி, அப்பள்ளத்தில் வெண்மையான சுண்ணாம்புச் சாந்தை நூல்போல் பதித்து, அதன் இரு விளிம்புகளையும் கத்தியால் நறுக்கிவிடுவார். வீதியில் நிற்பவர் கண்ணுக்கு வெண்கோடு மாத்திரமே தெரியும். கற்கள் இம்மியும் பிசகாமல் இழைத்து அடுக்கப்பட்டவைபோல் தோன்றும். இதை வெறும் ஏமாற்று என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோட்டை இழுத்த கைக்கு இருந்த நிதானம் உத்தமமான தொழிலாளிக்கே உரியது.

1769-இல் எலினர் கோட் என்ற மாது லாம்பெத்தில் நடத்தத் தொடங்கிய தொழிற்சாலை, சுட்ட களிமண்ணாலான செயற்கைக் கல்லில் முகங்களும் மாலைகளும் வார்த்துத் தந்தது. பெட்போர்டு சதுக்கத்து வாயில்களின் உச்சியில் அவற்றை இன்றும் காணலாம். 1796-இல் பார்க்கர் என்பவர் உரிமை பெற்ற ரோமன் சிமெண்டு வந்தபின் முகப்பு முழுவதையுமே பூசி மறைப்பது எளிதாயிற்று. விரைவில் இறுகும் அப்பூச்சின்மேல் கல்லடுக்குப்போல் கோடு கீறிச் சாயமும் தீட்டுவார்கள். 1820-களில் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் ரீஜண்ட் பூங்காவைச் சூழ அரண்மனை வரிசைகள்போல் நிறுத்திய வீடுகள் இவ்வகையின. அவர் முகப்பை வகுத்துத் தந்தார், பின்புறமும் உட்புறமும் கட்டுவோர் பொறுப்பாயின. நம் சென்னையிலோ, கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, சலவைக்கல்லோ என்று ஐயுறும்படி தேய்த்து மெருகேற்றினார்கள். 1780-இல் இங்கு வந்த ஓவியர் ஹாட்ஜஸ் அதன் பளபளப்பை வியந்து எழுதியிருக்கிறார். சென்னைப் பூச்சுக்கு நிறைந்த உழைப்பும் பொறுமையும் தேவை. லண்டன் பூச்சுக்கு வேகமே பிரதானம்.

லண்டனின் கரிப்புகை அந்த முகப்புகளைச் சீக்கிரமே கறுக்கச் செய்ததால், குறித்த காலத்துக்கு ஒருமுறை சாயம் பூசவேண்டும் என்ற நிபந்தனை குத்தகைப் பத்திரங்களில் இடம்பெற்றது. ஒரு பொருளை வேறொன்றாகக் காட்டும் பூச்சையெல்லாம் கலை விமர்சகர் ரஸ்கின் 1849-இல் அசத்தியம் என்று கண்டித்தார். அவருடைய தர்ம ஆவேசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே வர்ணத்தில் ஒரே முறைமையில் காத்துவந்தமையால் ஒரு வீதி முழுவதற்கும் கூடிய கம்பீரத்தை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் உலகயுத்தத்தில் நாஷின் வரிசைகள் குண்டுகளாலும் பராமரிப்பின்மையாலும் சிதைந்து நின்றபோது, அவற்றைக் காக்கவேண்டும் என்று 1947-இல் அரசு நியமித்த கோரெல் குழு சிபாரிசு செய்தது. அதன்பின் நடந்த புனருத்தாரணத்தில் பல வீடுகளின் உட்புறங்கள் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டன. விலைபோவதற்கென்று அன்று பூசிய முகப்புகளை மாத்திரம் இருந்த இடத்திலேயே நிலைநிறுத்தினார்கள்.