'எனக்கு வேணும்' என்று செபித்த சவேரியார்



எம்.கே.பி. நகரில் ஒரு சகோதரியிடம், "வர்ற ஞாயிறு முதல் வாசகம் நீங்க வாசிங்கம்மா" என்றேன். அன்பியக் கூட்டத்தில் கணீரென்று பேசுகிறவர். "வேணாம் ஃபாதர். எனக்கு ழகரம் வராது, மைக்குல தப்பா சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க" என்று நழுவிவிட்டார். வடசென்னையில் இந்தப் பதில் எனக்குப் புதிதல்ல. அவருக்குச் சொன்ன வரலாற்றை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பிறந்தது நவார் நாட்டில், படித்தது பாரிசில். தமிழ் அவருக்கு அந்நிய மொழி. இரு மொழியும் அறிந்த சிலரை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் எல்லாவற்றையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய் மக்களைக் கூட்டினார். ஞாயிறன்று ஆண், பெண், முதியோர், சிறுவர் எல்லாரும் கூடுவார்கள். அவர் முதலில் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரிக்கிறார்.

அந்தத் தமிழ் எப்படியிருந்தது? அதே ஆண்டில் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லாதீர், 'விசுவாசம்' என்று சொல்லும் என்கிறார்; 'வேணும்' என்றால் ஆசைப்படுகிறேன் என்று பொருளாம்! அதற்குள் எத்தனை முறை, எத்தனை பேர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்! "கடவுளை விசுவசிக்கிறேன்" என்பதற்குப் பதிலாக "கடவுள் எனக்கு வேணும்." எனக்கென்னவோ அந்தத் தப்பும் நல்ல செபமாகவே படுகிறது. ஆனால் சவேரியார் அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. தவறை மறைக்கவுமில்லை, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளவுமில்லை. திருத்தி எழுதினார், மணியை அடித்துக்கொண்டு மறுபடி தெருவில் இறங்கினார்.

இன்னொன்றும் செய்தார். ஊர்தோறும் செபங்களின் பிரதியை விட்டுச்சென்று, எழுதத் தெரிந்தவர்கள் பார்த்தெழுதி மனப்பாடம் செய்யவும், திருநாள்களில் எல்லாரும் கூடிச் சொல்லவும் ஏற்பாடு செய்தார். குருவானவர் இல்லாத ஊரில் செபத்தை நடத்தியவர்கள் பொதுநிலையினர்தான். நம் உபதேசியார்களின் வழித்தோன்றல் அங்கிருந்து வருகிறது. அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அன்றீக்கசு அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்று, 1578இல் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்டார். பிழையில் தொடங்கிய முயற்சி முப்பத்து நான்கு ஆண்டில் அச்சுப் புத்தகமாயிற்று.

1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வாசகர் பணியைப் பொதுநிலை ஆண்களுக்குத் திறந்தார். 2021 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பெண்களுக்கும் திறந்தார். கதவு திறந்திருக்கிறது, பயந்தான் வாசலில் நிற்கிறது.

அந்தச் சகோதரி இப்போது சனிக்கிழமை மாலை ஆளில்லாத கோவிலுக்கு வருகிறார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். மைக் கிடையாது. தூய ஆவியார் பெருவிழா வாசகத்தில் பார்த்தர், மேதியர், எலாமியர் வரை சரளமாக வருகிறது. பம்பிலியாவில் இன்னும் இடறுகிறார். நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், எனக்கும் இடறியது. இருவரும் சிரித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம்.