குதிவாதத்தின் எண்

சேலத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலையில், இலங்கையிலிருந்து மீண்ட இராமபிரான் பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி தந்ததாக ஸ்தலபுராணம் கூறும் கோதண்டராமர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அயோத்தியாப்பட்டணம். இந்தப் பக்கத்து ஜனங்கள், விடியற்காலையில் பாயை விட்டெழுந்து முதலடி வைக்கையில் முள் தைத்தாற்போல் குதிகாலில் சுரீரென்று ஏறும் வலியைக் குதிவாதம் என்பார்கள். சுட்ட செங்கல்லின்மேல் எருக்கிலையைப் பரப்பி, பொறுக்கும் சூட்டில் காலை வைத்து வைத்து எடுப்பது அதற்குப் பாட்டிமார் செய்யும் கைவைத்தியம். இவ்வியாதிக்கு உலக நோய்ப் பட்டியலில் எம் 72.2 என்றொரு குறியீடு உண்டு. அது பிறந்த சரித்திரம் நாம் அறியத்தக்கது.

லண்டன் நகரத்து மரணப் பட்டியல்களை ஆராய்ந்து ஜான் கிராண்ட் 1662இல் நூல் வெளியிட்டதும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார் மரண காரணங்களை முறையாக வகுத்ததும், 1893இல் சிகாகோவில் ழாக் பெர்டியோன் தம் சர்வதேசப் பட்டியலைச் சமர்ப்பித்ததும், மனிதர் எதனால் இறக்கிறார்கள் என்று அறிவதற்காகவே. குதிவாதத்தால் எவரும் இறப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் பொறுப்பேற்று 1948இல் ஆறாம் திருத்தத்தை இயற்றியபோதுதான், கொல்லாமல் வருத்தும் வியாதிகளுக்கும் அப்பட்டியல் முழுமையாக இடமளித்தது. நோய்களை 4,448 என்று எண்ணி, யூகி முனிவர் வழியில் வாதநோயை மட்டும் 80 ஆக வகுத்த சித்த மருத்துவ மரபு, சாவைக் கருதாது சிகிச்சையைக் கருதியே வகுத்தது என்பதை நான் பெருமையுடன் நினைக்கிறேன்.

பிற்காலத்தில் உலகப் பட்டியலின் குதிவாத எண்ணைப் பணம் பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் 728.71 என்றிருந்த பழைய குறியீடு 2015 அக்டோபர் 1 முதல் எம் 72.2 ஆயிற்று, உள்ளங்காலில் கட்டிகள் தோன்றும் வேறொரு நோயும் அதே எண்ணில் அடங்குகிறது. குதிகால் எலும்பு முள்ளுக்கு இடக்கால், வலக்கால் என்று தனித்தனி எண்கள் இருக்க, குதிவாதத்துக்கு அந்தப் பேதம் இல்லை. மருத்துவர் குதிகால் வலி என்று மட்டும் எழுதியிருந்தால், பில் தயாரிக்கும் கோடர் தாமே ஊகித்து நோயின் எண்ணை இடலாகாது. பாத வலிக்குரிய எம் 79.67 வரிசையிலேயே நிற்கவேண்டும். ஊசி போட்டிருந்தால் அச்செயலுக்கு 20550 என்ற வேறு எண் சேரும். காரணமும் செயலும் பொருந்தாவிடில் காப்பீட்டுக் கம்பெனி பணம் தர மறுக்கும். சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நம் பட்டதாரிகள் கடல்கடந்த நோயாளிகளுக்காக இரவும் பகலும் செய்யும் மெடிக்கல் கோடிங் உத்தியோகம் இதுவே.

நம் ஊர்ப்பக்கத்துக் குதிகால்களுக்கு இந்தச் சிரத்தை கிட்டவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அது பெரும் பாக்கியம். ஆனால் பில் இல்லாததால், எண்ணிட வேண்டிய நிர்ப்பந்தமும் எழவில்லை. 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும் உயிர்காக்கும் உயர் சிகிச்சையையே நோக்கமாகக் கொண்டமையால், பழைய மரணப் பட்டியலைப் போலவே, உயிரை வாங்காத இவ்வலி அதன் பார்வைக்குள் வரவில்லை. குழித்தறியில் மிதிகட்டையை நாள்முழுதும் மிதிப்பவரும், கட்டாந்தரையில் நின்றே உழைக்கும் பெண்களும் எத்தனை பேர் இதனால் வருந்துகிறார்கள் என்பதைக் கணக்கிடாமல், அவர்களுடைய தொழிலிடத்தை எவ்வாறு திருத்துவது?

2024 ஜனவரியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்களும் உலகப் பட்டியலின் பதினோராம் திருத்தத்தில் தனிப்பகுதியாக இணைந்துவிட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர்களும் சித்த வைத்தியர்களும் இனி வெளிநோயாளிச் சீட்டில், மாத்திரையின் பெயரோடு நோயின் பெயரையும் எண்ணையும் நோயாளியின் தொழிலையும் எழுதவேண்டும். அவற்றைச் சுகாதாரத் துறையினர் வட்டாரந்தோறும் கூட்டி வெளியிடவேண்டும்.