கூலர் மாற்றும் முன்

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களுக்குக் கம்ப்யூட்டர் புது விருந்தாளி அல்ல. 1804-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு அமைத்த பொறி, அட்டையில் ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது என்ற கணக்கில் ஓடியது. அந்த அட்டைக்காகக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக நிரப்பிய முந்தியையும் பார்டரையும் இப்போது திரையில் வரைகிறார்கள். சித்திரை வெயிலில் அந்த டிசைன் மேசைக் கம்ப்யூட்டர் திணறத் தொடங்கினால், அதன் சில்லின் சூட்டைத் தணிக்கப் பெரிய கூலராக வாங்கி மாட்டிவிடலாமா என்ற பேச்சு எழும். பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கட்சி. பெரிய கூலர் மாட்டும் பழக்கம் உருவான காலத்தின் நிலைமை இன்று இல்லை.

1978-இல் வந்த இன்டெலின் 8086 சில்லுக்குத் தலையில் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டுகூட வேண்டியிருக்கவில்லை. 1993-இல் வந்த 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 16 வாட் வரை இழுத்தது. ஹீட் சிங்க்கும் ஃபேனும் வழக்கமாயின. அதன்பின் வேகப் போட்டி. 2004-இல் பிரெஸ்காட் வகை பென்டியம் 4, 115 வாட்டைத் தொட்டது. அதற்கடுத்து வரவேண்டிய டேஜாஸை அதே ஆண்டு மே மாதத்தில் இன்டெல் கைவிட்டது. 2006-இன் கோர் 2 டுவோ 65 வாட்டுக்கு இறங்கியது. கூலர் பைத்தியம் பிடித்ததற்கு நியாயம் இருந்தது அந்தச் சில ஆண்டுகளில்தான். ஆனால் வாட் கணக்கைவிட 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளம் வெளியிட்ட வீடியோ முக்கியம். ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் கூலரைக் கழற்றினார்கள். ஏஎம்டியின் ஆத்லான் சில்லு நொடியில் கருகியது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. பிறகு எல்லாச் சில்லுகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன. ஆகவே இன்று திணறல் என்பது சில்லு தன்னைக் காத்துக்கொள்வதன் அறிகுறியாக இருக்கலாம். எதனால் சூடு ஏறியது என்பதைத்தான் தேட வேண்டும்.

தறி ஓடும் வீட்டில் அதைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஃபேனைக் கழற்றினால் அதற்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவே நூல் பிசிறும் தூசியும் கம்பளிபோல் படிந்திருக்கும். சில்லுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று நழுவி, ஒரு மூலை தூக்கிக்கொண்டிருக்கலாம். பழசைக் கழற்றிப் புதுசு மாட்டும்போது இம்மூன்றும் தாமாகவே சரியாகிவிடும். பேர் மட்டும் புதுக் கூலருக்குப் போகும்.

நம்மூர் வெயிலுக்குப் பெரிய கூலர்தானே சரி என்று கேட்கலாம். காற்றைத் தள்ளும் எந்தக் கூலரும் சில்லை அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. அறை 10 டிகிரி ஏறினால் சில்லும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். அறைக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளியை மட்டுமே கூலர் குறைக்கும். டிசைன் வரைவது போன்ற இலேசான வேலையில் அந்த இடைவெளி பெரிதாக இராது. சுவரை ஒட்டிக் கிடக்கும் கேபினெட்டைக் காற்றோட்டத்துக்காகக் கொஞ்சம் முன்னே இழுத்து வைப்பதற்குக் காசு செலவில்லை.

இன்றைய சில்லுகள் மீண்டும் கொதிக்கின்றனவே என்பது இன்னும் வலுவான வாதம். உண்மைதான். இன்டெலின் கோர் ஐ9-13900கே 253 வாட் வரை போகும். ஏஎம்டியின் 2022 ரைசன் 7000 வரிசை, முழுப் பளுவில் 95 டிகிரியைத் தொடுவதையே இயல்பாகக் கொண்டது. வீடியோ, முப்பரிமாண வேலை செய்பவருக்கு நல்ல கூலர் அவசியம். ஃபேன் இரைச்சல் தாங்காதவர் வாங்குவதையும் நான் குறை சொல்லமாட்டேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுழன்றே வேலையை முடித்துவிடும். மற்றவர்கள் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே வேலையை ஓட்டி, சூட்டையும் வேகத்தையும் பார்க்கட்டும். அப்போதும் வேகம் விழுந்தால் வாங்கலாம். கடைக்குப் போகும்முன் சில்லு பொருந்தும் சாக்கெட்டின் பெயரையும் கேபினெட்டின் அகலத்தையும் குறித்துக்கொள்வது நல்லது: கோபுர வடிவக் கூலர்களில் பல 16 செ.மீ. உயரம், ஒல்லியான கேபினெட்டில் மாட்டினால் பக்கக் கதவு மூடாது.